கோஸ்தானுக்குக் கேட்ட சங்கு

கோஸ்தான் எங்கள் தோட்டத்தில் இருந்தவரைக்கும் முடிந்த காரியம் என்று ஒன்று கிடையாது. மற்றவர்களுக்கு முடிந்திருக்கும். சாப்பிட்டுக் கைகழுவி, வெற்றிலை போட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்தே விட்டிருப்பார்கள். இவர் மட்டும் நடுரோட்டில் நின்றுகொண்டு, "அது எப்படிலா முடியும்? கொஞ்சம் கோஸ்தான் எடுங்க, பாப்போம்" என்பார்.

மலேசியாவில் வண்டி பின்னால் வருவதற்குக் கோஸ்தான் என்று பெயர். எந்தக் கப்பல்காரன் விட்டுவிட்டுப் போன வார்த்தையோ தெரியாது, மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் அது பொதுச் சொத்து. நம் ஆள் வாலிபத்தில் எங்கள் கேமரன் மலைக் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கீழே போகும் லோரியில் கெலிண்டான், அதாவது டிரைவருக்குத் துணையாள். லோரி பின்வாங்கும்போது கீழே குதித்து, பின்பக்கத் தகட்டைத் தட்டிக்கொண்டே, "கோஸ்தான்! கோஸ்தான்! கோஸ்தா...ன்! ஸ்டாப்!" என்று கத்துவது அவர் வேலை. வேலையை விட்ட பிறகும் கத்துவதை விடவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றியாகிவிட்டது. பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கேசரி இலையில் விழப்போகிற நேரம். கோஸ்தான் எழுந்தார்.

"மாப்பிள்ளைக்கு கார் ஓட்டத் தெரியும்னு சொன்னாங்கல்ல?"

"ஆமா, லைசன்ஸ் இருக்கு."

"லைசன்ஸ யாருலா கேட்டா? நம்ம பொண்ண ஏத்திக்கிட்டு இந்த மலை ரோட்ல போகப்போறவரு. ஒரு தடவ ஓட்டிக் காட்டட்டும். அதுவரைக்கும் தட்டக் கீழ வைங்க."

மாப்பிள்ளை ரோஷக்காரர். பட்டு வேட்டியோடு ஏறி உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே கார் ஒரு தக்காளித் தோட்டத்தின் பிளாஸ்டிக் கூரைக்குள் புகுந்து, மறுபக்கம் செக்கச்செவேல் என்று வெளியே வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை, மானம்தான் போச்சு. இரண்டு வீட்டாரும் சண்டைக்குத் தயாரானபோது கோஸ்தானே நடுவில் புகுந்தார். "மாப்பிள்ளை தங்கமானவரு. மறுபேச்சு பேசாம ஏறுனாரு பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்? கல்யாணத்த நடத்துங்க. கார் சாவிய மட்டும் பொண்ணுகிட்ட குடுத்துருங்க" என்றார். அப்படியே நடந்தது. இன்றைக்கும் அவள்தான் ஓட்டுகிறாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு பிஸ்கட் பாக்கெட் பிரித்துக் கொடுத்துக்கொண்டு வருவார். சந்தோஷமான குடும்பம்.

இப்படிப்பட்ட ஒரு மனிதரைத்தான் குவாரி கமிட்டியில் போட்டோம். உங்களுக்கெல்லாம் புத்தி எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் தேயிலைக் காட்டுக்கு மேலே ஒரு கல் குவாரி. பாறைக்கு வெடி வைத்து உடைப்பார்கள். அதற்கான பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் சட்டத்தில் முழுதாக இருந்தது, குவாரியில் பாதி இருந்தது. ஏதாவது தப்பு பிடிபட்டால், குவாரிக்காரர்களும் லயத்து ஜனங்களும், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருப்பவர்களும், உட்கார்ந்து பேசி, இன்னதைச் சரிசெய்து தருகிறோம் என்று ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்வார்கள். எங்கள் பாஷையில் 'செட்டல்'. செட்டல் ஆனால் முனியாண்டி கோயில் பூசாரி கையால் ஒரு தேங்காய் உடைபடும். குவாரி செலவில் மீ கோரேங் நூடுல்ஸும் தே தாரேக் டீயும் வரும். தேங்காய் உடைத்த விஷயத்தை மறுபடி யாரும் கிளறக் கூடாது, அது தோட்டத்துக் கட்டுப்பாடு.

அதனால், உடைப்பதற்கு முன்னால் செட்டல் ஆனது நிஜமாகவே சரியாகியிருக்கிறதா என்று மூன்று பேர் போய்ப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். குவாரிக்கு அதன் மேனேஜர். தோட்டத்து ஆபீசுக்கு, அங்கே கணக்கு எழுதும் கிராணியாகிய நான். லயத்து ஜனங்களுக்குக் கோஸ்தான். மூன்றில் ஒரு தலை ஆடாவிட்டாலும் தேங்காய் உடையாது.

மேனேஜர் சீனர். சீன முதலாளியைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோருக்கும் அவர் தவுக்கே. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் என்பதால் தமிழில் சிரிப்பார், தமிழில் திட்டுவார், தாங்க முடியாமல் போனால் தமிழிலேயே அழுவார். மூன்றாவதைச் செய்ய வைத்தவர் கோஸ்தான்.

முதல் செட்டல், குவாரி ஓரத்துப் பாதையில் கைப்பிடிக் கம்பி இல்லை என்பது. கம்பி போட்டார்கள். பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. நான் பார்த்தவுடனே தலையாட்டிவிட்டேன், எனக்கு மீ கோரேங் ஞாபகம். பூசாரி தேங்காயை ஓங்கினார்.

"தேங்காயக் கீழ வைங்க" என்றார் கோஸ்தான். "தவுக்கே, கொஞ்சம் கம்பியில சாஞ்சு நில்லுங்க."

"எதுக்கு அங்கிள்? புது கம்பி லா."

"புதுசுதானே? அப்ப என்னா பயம்?"

தவுக்கே சிரித்துக்கொண்டே சாய்ந்தார். கம்பியும் அவரோடு சேர்ந்து சாய்ந்தது. கீழே பெரிய பள்ளம் ஒன்றும் இல்லை, மழைத் தண்ணீர் தேங்கிய சகதிதான். அதில் உட்கார்ந்தபடி அவர் எங்களைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோஸ்தான் மேலிருந்து கையை நீட்டி, "நல்லவேள நீங்க விழுந்தீங்க தவுக்கே. நாங்க விழுந்திருந்தா இன்னொரு கேசு, இன்னொரு செட்டல், இன்னொரு தேங்கா. யாருக்கு அலைச்சல்?" என்று ஆறுதல் சொன்னார்.

எல்லா நேரமும் அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைத்துவிடாதீர்கள். அடிபட்டவரைத் தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர் இல்லை என்று ஒரு செட்டல். ஸ்ட்ரெச்சர் வந்தது. அருமையான சரக்கு. பார்த்தாலே தெரிகிறது. ஆனால் கோஸ்தானுக்குப் பார்த்தால் போதாதே! தானே ஏறிப் படுத்துக்கொண்டு, தேயிலை ஃபாக்டரி வரைக்கும் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். முன்னால் தவுக்கே, பின்னால் நான். ஏற்றம். மழை வேறு. பாதி வழியில் குறட்டைச் சத்தம். மனிதர் நிம்மதியாகத் தூங்குகிறார்! ஃபாக்டரி வாசலில் இறக்கி எழுப்பியதும், "ஸ்ட்ரெச்சர் பாஸ். தூக்குற ஆளுங்கதான் சரியில்ல" என்றார். எனக்கும் தவுக்கேவுக்கும் அன்றைக்குப் பிடித்த இடுப்பு வலிதான் எங்கள் நட்புக்கே அஸ்திவாரம்.

அப்புறம் அந்தக் கல் விழுந்தது. சிரித்தது போதும், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் காட்டில் இப்போது கொழுந்தைக் கையால் கிள்ளுவதில்லை. பெட்ரோலில் ஓடும் மெஷினை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, செடிமேல் தள்ளிக்கொண்டு போவார்கள். வெட்டுப்படும் கொழுந்து பின்னால் நீளமான பையில் போய் விழும். அந்தப் பையின் வாலைப் பிடித்துக்கொண்டு நடப்பது என் மனைவி பார்வதி. குவாரியில் வெடி வைத்தபோது ஆள் தலை பருமனுக்கு ஒரு கல் பறந்துவந்து அந்தப் பையின் மேல் விழுந்தது. அவள் கைக்கும் கல்லுக்கும் நடுவில் கொஞ்சம் கொழுந்துதான் இருந்தது. சாயங்காலம் எனக்கு டீ கொண்டுவந்தாள். கல் விழுந்ததைச் சொல்லிக்கொண்டே பாதியை என் மடியில் ஊற்றிவிட்டாள். சுட்டது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. 

வெடி வைக்குமுன் சங்கு, அதாவது சைரன், ஊத வேண்டும், காட்டில் இருப்பவர்கள் கொட்டகைக்குள் ஒதுங்க வேண்டும் என்பது சட்டம். குவாரியில் சங்கே இல்லை. பேசினோம். குவாரி உச்சியில் சங்கு வைப்பதாகச் செட்டல். அது சரியாகி, தேங்காய் உடையும்வரை வெடி கிடையாது. தவுக்கேவுக்கு அவசரம். குவாரி நின்றுபோய், கம்பெனி முதலாளிகள் அவரைப் போனிலேயே வறுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு, வசதியாக இருக்கும் என்று அன்றைக்கே சங்கைச் சோதிக்க ஏற்பாடு. தேயிலைக் காட்டு நடுவில் கூடாரம் போட்டு நாற்காலி வைத்திருந்தார்கள். கோயில் தலைவர் முன்வரிசையில் சால்வையோடு இருந்தார். தவுக்கே போனில் "ஊது" என்றார். மேலே சங்கு ஊதியது. கணீரென்று கேட்டது. எல்லோரும் கைதட்டினோம். கோஸ்தான் மட்டும் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, "ம்... எப்ப ஊதுவீங்க?" என்றார்.

சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் வழக்கமாகச் செய்யும் குறும்பு என்று நினைத்தோம். தவுக்கேவுக்கு மட்டும் ஏதோ பொறிதட்டியது. மெதுவாக அவர் முதுகுப் பக்கம் போய், "அங்கிள், உங்க சட்டையில பூரான்" என்றார். அசைவில்லை. சத்தமாக, "பெரிய பூரான்!" என்றார். அசைவில்லை. கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் முகங்களைப் பார்த்துத்தான் கோஸ்தான் திரும்பினார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துபோயிற்று.

லோரி ஹார்னுக்கும் எஞ்சினுக்கும் பக்கத்திலேயே வாலிபத்தைக் கழித்தவர். காது எப்போது போனதோ, யாருக்குத் தெரியும்? முகத்துக்கு நேரே பேசினால் வாயசைவைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார். யார் சொன்னாலும் கேட்காத பிடிவாதக்காரர் என்று ஊரே அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். பாவி மனுஷன், அந்தப் பேரையும் சந்தோஷமாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

"சங்கு கேக்குதான்னு பாக்க, காது கேக்காதவர அனுப்பியிருக்கீங்க!" என்றார் தவுக்கே. அவர் கெட்டவர் இல்லை, ஆனால் சகதியில் உட்கார்ந்தவர். தலைவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, "நீங்க ஒக்காருங்க. லயத்து சார்பா நானே பாத்துக்கறேன்" என்று கோஸ்தானிடம் சொன்னார். கோஸ்தான் உட்காரவில்லை. யாரையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார். ஊரே தன்னைப் பார்த்துச் சிரித்தாலும் கூடச் சேர்ந்து சிரிக்கிற மனிதர் அப்படிப் போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பூசாரி மலைக்குக் கீழே ஈப்போவுக்குப் போயிருந்ததால் தேங்காய் மறுநாள் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. அதற்கு மறுநாள் வெடி.

வீட்டுக்கு வந்து பார்வதியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையை அப்படியே என்மேல் எறிந்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கெழம யாருங்க கொழுந்து வெட்டுறா?"

"யாரும் இல்ல. லீவு."

"அப்ப மெஷினு ஓடுச்சா?"

"லீவுல எப்படி ஓடும்?"

"மெஷினு ஓடுறப்ப நீங்க வந்து என் காதுலயே கத்துனாலும் எனக்குக் கேக்காது. தெரியுமா? சத்தமில்லாத காட்டுல நாற்காலி போட்டு ஒக்காந்துக்கிட்டு, கேக்குது கேக்குதுன்னு கைதட்டிட்டு வந்திருக்கீங்க! அறிவிருக்கா ஒங்க கமிட்டிக்கு?"

அறிவு இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அதோடு விடவில்லை.

"கோஸ்தான் மாமாவுக்குக் கேக்கலன்னு சிரிச்சீங்களா? வேல நேரத்துல நாங்க அத்தன பேரும் மாமாதான். அவருக்குக் கேட்டாத்தான் எங்களுக்குக் கேட்ட மாதிரி. எந்திரிங்க, போலாம்."

கோஸ்தான் வீட்டுக் கதவைத் தட்டினோம். பதில் இல்லை. காது கேட்காதவர் வீட்டுக் கதவைத் தட்டி என்ன பிரயோஜனம் என்று பார்வதிக்கு அப்புறம்தான் உறைத்தது. பின்பக்கம் போய், சமையலறை ஜன்னல் உயரத்துக்குத் தன்னைத் தூக்கச் சொன்னாள். அவளை நான் தூக்குவதாவது! ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவளே ஏறினாள். உள்ளே கோஸ்தான் ஆறிப்போன மைலோவை முன்னால் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் ஒரு தலை முளைத்ததும் மைலோ கொட்டிவிட்டது.

"மாமா! நாளைக்குக் காட்டுக்கு வரணும்!"

"நான் எதுக்குத் தாயி? செவிடன். சொல்லிட்டாங்கல்ல."

"அதனாலதான் வரணும். காது கேக்குறவன் நூறு பேரு இருக்கான், எங்களுக்கு அவனால என்னா லாபம்? அந்தக் கல்லு என் கையில விழுந்திருந்தா நாளைக்கு யாரு வந்து கைதட்டுவா?"

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது. எழுந்து, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்டார், "தேங்கா ஒடைச்சுட்டானுங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப கோஸ்தான் எடுத்துருவோம்."

திங்கள் காலை பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், பார்வதி தலைமையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். கோஸ்தான் இல்லாமல் தேங்காய் உடைத்தால் நாங்கள் யாரும் காட்டுக்குப் போகமாட்டோம் என்றார்கள். தலைவர் சால்வையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார். தவுக்கே என்னைப் பார்த்தார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கும் ஸ்ட்ரெச்சர் ஞாபகம் வந்திருக்க வேண்டும், "சரி லா, வாங்க" என்று எங்களுக்கு முன்னால் நடந்தார்.

மெஷின் ஓடியது. பார்வதி பையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கோஸ்தான், கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. தவுக்கே போனில் "ஊது" என்றார். ஊதினார்களாம். கோஸ்தான் கை தூக்கவில்லை. பார்வதியும் தூக்கவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கவில்லை, காது நன்றாக இருக்கிற தலைவருக்கும் கேட்கவில்லை. போனைக் காதில் வைத்திருந்த தவுக்கே, "ஊதுடா! ஊதுடா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். "ஊதிக்கிட்டுத்தான் இருக்கோம் தவுக்கே" என்று மேலிருந்து பதில் வந்ததாம். அவர் போனை மெதுவாக இறக்கி, என் மனைவியையும் அந்தப் பையையும் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. பிறகு, "வேற சங்கு கொண்டாறேன் லா" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கேமரன் மலை முழுக்கத் தெரிந்த கதை. பெரிய சங்கு ஒன்று கொண்டுவந்தார்கள். கோஸ்தான் உதட்டைப் பிதுக்கினார். அதைவிடப் பெரியது வந்தது. கம்போங் ராஜா ஊரில் நாய்களெல்லாம் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. பிரிஞ்சாங்கில் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டிருந்த டூரிஸ்டுகள் பணம் கொடுக்காமல் ஓடினார்களாம், ஓடியவர்கள் சுனாமி என்றார்களாம், மலை உச்சியில்! "கேட்டுச்சா அங்கிள்?" என்று தவுக்கே தோளைத் தட்டி ஜாடையில் கெஞ்சுவார். இவர் கண்ணைத் திறந்து, கொஞ்சம் யோசித்து, "ஊதுனீங்களா?" என்பார். அன்றைக்குத்தான் தவுக்கே தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்து தமிழில் அழுதார்.

கடைசியில் சங்கை மலை உச்சியிலிருந்து இறக்கி, காட்டு ஓரத்திலேயே கம்பம் நட்டு, அதில் கட்டினார்கள். மெஷின் ஓடியது. கோஸ்தான் கண்ணை மூடினார். தவுக்கே தன் காதுகளில் பஞ்சு வைத்துக்கொண்டு, தானே பட்டனை அமுக்கினார்.

கோஸ்தானின் முகம் மாறியது. முதலில் நெற்றி சுருங்கியது. அப்புறம் அவர் வலது கை, எங்கே போவது என்று தெரியாதது மாதிரி, மெல்ல மேலே வந்தது. "கேட்டுச்சு!" என்றார். அவ்வளவு சத்தத்திலும் அது எங்களுக்குக் கேட்டது, அப்படிக் கத்தினார். "கேட்டுச்சு! லோரி ஹாரன் மாதிரியே கேக்குது!"

பூசாரி தேங்காயைத் தூக்கினார். "கீழ வைங்க" என்றார் கோஸ்தான். எங்களுக்கெல்லாம் மூச்சே நின்றுவிட்டது. இன்னும் என்ன?

"தவுக்கே, இன்னொரு தடவ ஊதுங்க."

"அதான் கேட்டுச்சே அங்கிள்!"

"கேட்டுச்சுலா. நல்லாத்தான் கேட்டுச்சு. அதனாலதான் கேக்குறேன், இன்னொரு தடவ."

எத்தனை வருஷமாக அவர் எந்தச் சத்தமும் கேட்காமல் இருந்தாரோ! தவுக்கே மறுபடி அமுக்கினார். போதும் என்று கோஸ்தான் கையை இறக்கும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தார். பிரிஞ்சாங்கில் என்ன ஆனதோ, நாங்கள் விசாரிக்கவில்லை. தேங்காயைப் பூசாரி கோஸ்தான் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர் உடைத்த உடையில் பாதி மூடி தலைவர் மடியில் போய் விழுந்தது.

இப்போது கோஸ்தான் ஈப்போவில் மகள் வீட்டில் இருக்கிறார். மலைக் குளிர் முழங்காலுக்கு ஆகவில்லை. கிளம்பிய அன்று மகளின் காரில் ஏறி, வளைவு வரைக்கும் போய், கதவைப் பூட்டினோமா என்று பார்க்க காரைக் கோஸ்தான் எடுக்க வைத்தார். கதவு பூட்டித்தான் இருந்தது. எங்களை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார் என்பது பார்வதியின் கட்சி. அன்றைக்கு முழுவதும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வெடி வைக்கும் நாட்களில் கம்பத்துச் சங்கு ஊதுகிறது. மெஷின் நிற்கிறது. கொட்டகைக்குள் ஒதுங்குவதற்கு முன்னால் பார்வதி வலது கையைத் தூக்கி, "கேட்டுச்சு!" என்று கத்துகிறாள். காட்டில் இருக்கிற எல்லோரும் தூக்குகிறார்கள். பங்களாதேஷிலிருந்து புதிதாக வந்த தம்பிகள், அதுவும் சட்டத்தில் ஒன்று போல என்று நினைத்துக்கொண்டு, "கேத்சு!" என்று பயபக்தியோடு கத்துகிறார்கள். ஆபீசில் இருக்கும் எனக்கும் கை தானாக மேலே போய்விடுகிறது. எதிரே ஆள் இருந்தால் தலையைச் சொறிந்துகொள்கிறேன். யாரும் இல்லாவிட்டால், ஈப்போ இருக்கும் திசையைப் பார்த்து நானும் வாய்விட்டே சொல்லிவிடுகிறேன்.